‘நெகட்டிவ்’ என்றால் நோய் இல்லை என்று பொருளா?



சென்ற ஆண்டு ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் மதரஸாவுக்கு ஒருவர் வந்தார். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கடுக்காயையும் புளியையும் வாங்கிக் கள்ளக்குறிச்சியில் விற்கும் சிறு வணிகர். அவருடைய மகன் என் மாணவன். மனைவியின் மார்பகக் கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கின் ஆய்வறிக்கை அவர் கையில் இருந்தது.

“ஹஜ்ரத், நீங்க இங்கிலீஷ் படிச்சவங்க. ரெண்டு இடத்துல நெகட்டிவ்னு போட்டிருக்கு. அப்போ பயமில்லைதானே?”

நான் வரலாறு படித்த கலைப் பட்டதாரி. பரிசோதனைச் சீட்டில் ‘நெகட்டிவ்’ என்றிருந்தால் நல்ல செய்தி என்பது மட்டுமே எனக்குத் தெரியும். “அல்ஹம்துலில்லாஹ், பயப்படாதீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் மனைவியை மீண்டும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவில்லை. மூன்று வாரங்கள் கழித்து, அவர்களுடைய உறவில் மருத்துவம் பயின்ற பெண்மணி ஒருவர் அந்த அறிக்கையைப் பார்த்துப் பதறிய பிறகே என் அறியாமை எனக்கு விளங்கியது. இறையருளால் அச்சகோதரி இப்போது சிகிச்சையில் இருக்கிறார். ஆயினும் வீணான அந்த மூன்று வாரங்களுக்கு நானும் பொறுப்பாளி. என் பிழை வேறொரு வீட்டில் நிகழக்கூடாது என்பதற்காகவே இம்மாதம் இதை எழுதுகிறேன்.

நோய் உண்டா, இல்லையா என்பதை அறிக்கையின் முதற்பகுதியே சொல்லிவிடுகிறது. அங்கே ‘கார்சினோமா’ என்ற சொல் இருந்தால் அது புற்றுநோய்தான். அதன் பின் வரும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்னும் மூன்று வரிகள் சொல்வது வேறு. வந்துள்ள நோய் எதனால் தூண்டப்பட்டு வளர்கிறது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதையே அவை சொல்கின்றன.

நம் உடலின் உயிரணுக்கள் தாமாகப் பெருகுவதில்லை. வெளியிலிருந்து வரும் கட்டளையைப் பெற்றே பெருகுகின்றன. அக்கட்டளையை வாங்கிக்கொள்ளும் புரதங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். ஈ.ஆர்., பி.ஆர். என்பவை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்னும் பெண்மை ஹார்மோன்களின் ஏற்பிகள். இவை ‘பாஸிட்டிவ்’ என்றால், அந்த ஹார்மோன்களைத் தடுக்கும் தமாக்ஸிஃபன் போன்ற மாத்திரைகள் பயன்தரும். ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ அவற்றை விடாமல் உட்கொள்ள வேண்டியிருக்கும்.

ஹெர்-2 என்பது வளர்ச்சிக் காரணி ஏற்பிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. நல்ல உயிரணுவின் மேற்புறத்திலும் அது சிறிதளவு உண்டு. மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, அதை உண்டாக்கும் மரபணு பல படிகளாகப் பெருகிவிடுகிறது. ஏற்பிகளும் அளவின்றிப் பெருகி, “வளர், வளர்” என்னும் கட்டளை ஓயாமல் உள்ளே செல்கிறது. இத்தகைய நோய் விரைந்து பரவக்கூடியது என்பதை 1987இல் அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமனும் அவருடைய குழுவினரும் வெளிப்படுத்தினர். அந்த ஏற்பியையே குறிவைத்துப் பற்றிக்கொள்ளும் டிராஸ்டுசுமாப் என்னும் ஊசிமருந்து 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒரு காலத்தில் பெரிதும் அஞ்சப்பட்ட இவ்வகை நோய், அதன் பின் சிகிச்சைக்கு நன்கு இணங்கும் வகையாயிற்று.

இங்கேதான் என் பிழையின் முழு அளவும் எனக்குப் புரிந்தது. அச்சகோதரியின் அறிக்கையில் ஈ.ஆர். நெகட்டிவ், பி.ஆர். நெகட்டிவ், ஹெர்-2 பாஸிட்டிவ், 3+. நாங்கள் மகிழ்ந்த இரு ‘நெகட்டிவ்’களும் ஹார்மோன் மாத்திரை பயன்படாது என்றே கூறின. நாங்கள் கவனியாது விட்ட ‘பாஸிட்டிவ்’தான், இதற்கென்றே ஒரு மருந்து உண்டு என்ற நம்பிக்கையைக் கூறியது!

ஹெர்-2 வரியில் 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ். 3+ என்றால் பாஸிட்டிவ். 2+ என்றிருந்தால் ஐயம் தீரவில்லை என்று பொருள். ‘ஃபிஷ்’ என்னும் மற்றொரு பரிசோதனை தேவைப்படும். மூன்று வரிகளுமே நெகட்டிவ் என்றால் நோய் நீங்கியது என்று எண்ணிவிடாதீர்கள். அது விரைந்து வளரக்கூடிய வகை. அதற்குக் கீமோதெரபியே முதன்மையான மருந்து.

இம்மருந்தின் விலை ஏழைக்கு எட்டாததாகவே நெடுங்காலம் இருந்தது. 2014இல் பெங்களூரின் பயோகான் நிறுவனம் இதற்கு நிகரான மருந்தை நம் நாட்டிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தபின் விலை குறையத் தொடங்கியது. ஆயினும் செலவு சிறிதன்று. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி கிடைக்குமா என்று மருத்துவமனையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். இம்மருந்து சிலருக்கு இதயத்தைத் தளர்த்தக்கூடும். ஆகவே இடையிடையே எடுக்கச் சொல்லும் ‘எக்கோ’ பரிசோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள். சதைத் துணுக்கைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். வேறு மருத்துவமனைக்குச் சென்றாலும் அதைக்கொண்டே மறுபரிசோதனை செய்யலாம்.

வெள்ளிமலையிலிருந்து ஒரு பெண் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்தால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. 2022இல் இங்கு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது நல்ல துணை. ஆனாலும் புற்றுநோய்க்காகப் புதுச்சேரி ஜிப்மருக்கும் சென்னை அடையாறுக்கும் செல்வோர் பலர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் உருவானது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அவருடைய துயரம் பிறர் துயர் துடைக்கும் நிலையமாயிற்று.

நம் வீடுகளில் வெட்கம் வேறொரு தடையாக நிற்கிறது. கட்டியைக் கண்டும் கணவரிடம்கூடச் சொல்லாத பெண்கள் இருக்கிறார்கள். சிகிச்சையின் தேவைக்காக மருத்துவரிடம் உடலைக் காட்டுவதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்தே இருக்கின்றனர். பெண் மருத்துவர் கிடைத்தால் அவரை நாடுவது மேலும் சிறப்பு. மார்பில் வலியில்லாத கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்வாங்குதல், இரத்தக் கசிவு ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் அன்றே வீட்டாரிடம் சொல்லுங்கள்.

அறிக்கை கைக்கு வந்தால் என்னைப் போன்ற பட்டதாரிகளிடம் கொண்டுபோகாதீர்கள். அதைக் கொடுத்த மருத்துவரிடமே, “இந்த மூன்று வரிகளுக்கும் என்ன பொருள்?” என்று கேளுங்கள். பொருள் விளங்கும்வரை எழுந்து வராதீர்கள்.