உறுப்புக்கு ஒரு மருத்துவர் உண்டு, உயிருக்கு யார்?

நாடகம் எழுதிப் பழகியவன் நான். ஆகவே ஒரு காட்சியோடு தொடங்குகிறேன்.

இடம்: பெரிய மருத்துவமனை ஒன்று. குடிகாட்டிலிருந்து வந்த தாய் ஒருத்தி வரிசையிலே நிற்கிறாள். "மூச்சு இரைக்கிறது ஐயா" என்கிறாள். நெஞ்சு மருத்துவரிடம் போ என்கிறார்கள். "கண் எரிகிறது" என்கிறாள். கண் பிரிவு அடுத்த கட்டடத்தில் என்கிறார்கள். "மேலெல்லாம் அரிப்பு" என்கிறாள். தோல் மருத்துவர் வியாழக்கிழமை வருவார் என்கிறார்கள். மூன்று சீட்டு, மூன்று மருந்து, மூன்று நாள் கூலி போயிற்று! மருத்துவர் மூவரும் கற்றவர்கள், நல்லவர்கள், கடமை தவறாதவர்கள். ஆனால் மூவரில் ஒருவரேனும், "அம்மா! உன் வீடு எங்கே இருக்கிறது?" என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தால், "சிப்காட் ஆலைகளின் அருகிலே" என்றிருப்பாள். மூன்று நோயும் ஒரே வாயிலின் வழியே வந்தனவோ என்ற ஐயம் அந்தக் கணமே எழுந்திருக்கும்!

குடிகாடு எது என்று கடலூர்த் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையிலே, 1980களில் எழுந்த இரசாயன ஆலைகளின் மூச்சைத் தன் மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கும் ஊர் அது. 2004இல் அந்த வட்டாரத்து மக்களே வாளியிலே காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். எந்த நாளில் என்ன நாற்றம் என்று தங்கள் மூக்கையே கருவியாக்கிக் குறித்து வைத்தார்கள். 2025 மே மாதம் ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, குடிகாட்டு வீடுகளுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. காற்றை அளக்கத் தெரிந்த அந்த மக்களுக்கு இல்லாத பொருள் ஒன்றுண்டு: குடும்பத்தையே நோயாளியாகக் கருதிப் பார்க்கப் பயின்ற மருத்துவர்!

"எம்.பி.பி.எஸ். படித்தவர் போதாதா?" என்று கேட்பார் உளர். அவர்களைத்தான் நான் கேட்கிறேன்: நாலரை ஆண்டுப் படிப்பிலே அந்த இளைஞருக்குப் பாடம் சொன்னவர் யார்? பெரும்பாலும் ஒவ்வோர் உறுப்புக்குமான நிபுணர்! அவர் பார்த்த நோயாளி யார்? பல கை மாறி, நோய் முற்றிப் படுக்கைக்கு வந்தவர்! ஹவுஸ் சர்ஜனாகப் பணிபுரியும் ஓராண்டிலே சமூக மருத்துவத்துக்கென 12 வாரம். எஞ்சிய காலத்தின் பெரும்பகுதி மருத்துவமனைக்குள்ளே. பின்னர் ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்திலே தனியே அமர்த்திவிட்டு, "கிழவன் முதல் குழந்தை வரை அனைவரையும் பார்" என்கிறோம். ஒத்திகை இல்லாத நடிகனை மேடையில் தள்ளித் திரையைத் தூக்குவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பழியோ நடிகனுக்கு!

மற்ற நாடுகள் என்ன செய்தன? அமெரிக்கா 1969இலே குடும்ப மருத்துவத்தைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்று, மூன்றாண்டுப் பயிற்சி வகுத்தது. மகப்பேறு, குழந்தை நலம், பொது மருத்துவம், அறுவை என ஒவ்வொரு பிரிவிலும் பயிற்சி மருத்துவர் பணிபுரிய வேண்டும்; அதே வேளையில், சில குடும்பங்களைத் தம் பொறுப்பில் ஏற்று, மூன்றாண்டும் அவர்களையே தொடர்ந்து கவனிக்க வேண்டும். தாத்தாவின் இருமலும் பேரனின் இளைப்பும் ஒரே கண்ணுக்குத் தெரிவது அங்கேதான்! ஏழை நாடாகிய கியூபா, 1984 முதல் குடும்ப மருத்துவரைக் குடியிருப்பின் நடுவிலேயே குடிவைத்தது.

இந்தியாவிலே வழியே இல்லையா? உண்டு. தேசியத் தேர்வு வாரியம் குடும்ப மருத்துவத்திலே மூன்றாண்டு டி.என்.பி. பயிற்சி நடத்துகிறது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி எம்.டி. படிப்பையே தொடங்கிக் காட்டியது. அதற்கு முன்பே 2002ஆம் ஆண்டு தேசிய நலவாழ்வுக் கொள்கை, பட்டமேற்படிப்பு இடங்களில் நான்கில் ஒரு பங்கு பொதுச் சுகாதாரத்துக்கும் குடும்ப மருத்துவத்துக்கும் படிப்படியாக ஒதுக்கப்பட வேண்டுமென்று எழுதியது. 2017ஆம் ஆண்டுக் கொள்கையும் இந்தப் படிப்பைப் பரப்ப வேண்டுமென்று எழுதியது. எழுதினார்கள், எழுதினார்கள், எழுதிக்கொண்டே இருந்தார்கள்! நான்கில் ஒரு பங்கு எங்கே? ஏட்டுச் சுரைக்காயைக் குடிகாட்டுத் தாய் எந்த அடுப்பிலே ஏற்றுவாள்?

"இளைஞர்கள் அந்தப் படிப்பை விரும்புவதில்லையே" என்கிறார்கள். விரும்பிப் படித்தவருக்கு உரிய பதவியும் உயர்வும் உண்டென்று உறுதி தந்தீர்களா? பாதை போடாமலே, பயணி வரவில்லை என்று பழிப்பதா?

கல்லூரிப் படிகளிலிருந்து பாதியிலே இறங்கிவிட்டவன் நான். "மருத்துவப் படிப்பைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி?" எனலாம். நோயாளியின் தகுதி! அதைவிடப் பெரிய தகுதி இந்த வழக்கிலே வேறில்லை.

சிதம்பரத்திலே 1985இல் தோன்றிய மருத்துவக் கல்லூரி, கட்டணக் கொடுமையை எதிர்த்து மாணவர்கள் போராடிய பின்னர், 2021இல் அரசின் நலவாழ்வுத் துறையிடம் வந்தது. மக்களுடையதாகிவிட்ட அந்தக் கல்லூரியிலே குடும்ப மருத்துவத் துறை தழைக்கட்டும். பயிற்சியின் பாதி ஆரம்ப சுகாதார நிலையங்களிலே நடக்கட்டும். தேறியவருக்கு நிபுணருக்கு நிகரான பதவியும் ஊதியமும் கிடைக்கட்டும். நோயாளியின் வீடும் தொழிலும் ஒவ்வொரு சீட்டிலும் எழுதப்படட்டும்.

தோழர்களே! கிளைக் கூட்டங்களிலே இதைப் பேசுங்கள். தீர்மானமாக்குங்கள். "உன் வீடு எங்கே, அம்மா?" என்று கேட்கும் மருத்துவர் குடிகாட்டுக்கு வரும் வரை, நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்: "எங்கள் மருத்துவர் எங்கே?"