எந்தச் சந்தா? எத்தனை நாளுக்கு?



பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நமக்கு மடல் வரைந்துள்ளார். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவருடைய மூத்த மகன், கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளைக் கைப்பேசியில் காண்பதற்கென்றே இரண்டு நிறுவனங்களுக்கு ஓராண்டுச் சந்தா கட்டியிருக்கிறானாம். இப்பொழுது மூன்றாவது ஒன்றும் வேண்டும் என்கிறானாம். "அடித்துக்கொள்வதைப் பார்க்கவும் பணமா?" என்று தந்தை சினக்க, இருவருக்கும் பேச்சே நின்றுவிட்டதாம். யார் பக்கம் நியாயம் என்று கேட்கிறார் அந்தத் தாய்.

முதலில் தந்தையிடம் ஒரு சொல். குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ முதலிய பல கலைகள் கலந்த விளையாட்டு இது. 1993-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் யு.எஃப்.சி. போட்டி தொடங்கியபோது விதிகள் மிகச் சிலவே. இன்றோ சுற்றுக்கு ஐந்து நிமிடம். பொதுவாக மூன்று சுற்று. பட்டப் போட்டிக்கு ஐந்து. கண்ணைக் குத்துவதும், தலையால் முட்டுவதும், பிடரியில் அடிப்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. பிடியில் சிக்கியவர் கையால் தட்டிவிட்டால் போட்டி அக்கணமே முடிந்தது. 2024 ஜூன் 8-ஆம் நாள் உத்தரப்பிரதேசத்துப் பூஜா தோமர் அங்கே வெற்றி பெற்று, யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியர் ஆனார். சிலம்பமும் மற்போரும் அறிந்த நம் மண்ணில் ஓர் இளைஞன் இதனை விரும்புவது வியப்பன்று. எனினும் இரத்தம் சிந்தும் ஆட்டம் இது. வீட்டிலுள்ள சிறுவர்க்கு உரியதன்று.

இனி மகனுக்கு. தம்பி, நீ பார்ப்பது எந்தப் போட்டி என்பதை முதலில் முடிவு செய். யு.எஃப்.சி. ஒரு நிறுவனம், ஆசியாவில் புகழ்பெற்ற ஒன் சாம்பியன்ஷிப் வேறொரு நிறுவனம். ஒன்றன் உரிமையைப் பெற்றவரிடம் மற்றது இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் 2025 வரை பெரிய யு.எஃப்.சி. போட்டி ஒவ்வொன்றுக்கும் சந்தாவுக்கு மேல் ஏறத்தாழ 80 டாலர் தனிக்கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 2026 முதல் அம்முறை அங்கே கைவிடப்பட்டது. அந்நாட்டு விளம்பரங்களைப் பார்த்து இங்கே கணக்குப் போடாதே. நம் நாட்டில் பல ஆண்டுகள் அப்போட்டிகளை ஒளிபரப்பி வந்தது சோனி. அதன் சோனி லிவ் செயலியின் சந்தாவே போதுமானதாயிருந்தது.

ஆனால் உரிமை கைமாறும். சோனி காட்டி வந்த டபிள்யு.டபிள்யு.இ. மல்யுத்தம் 2025 ஏப்ரல் முதல் நாள் நெட்ஃபிளிக்ஸுக்குப் போயிற்று. அதே ஆண்டு பிப்ரவரியில் ஜியோ சினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் ஒன்றாய் இணைந்து ஜியோ ஹாட்ஸ்டார் ஆயின. ஆண்டுச் சந்தா மாதக் கணக்கில் மலிவாகத் தோன்றும். நீ விரும்பும் போட்டி நடுவில் இடம் மாறினால் அம்மலிவே நட்டமாகும். எனவே நல்ல போட்டி வரும் மாதத்துக்கு மட்டும் கட்டுவது அறிவுடைமை. சென்ற மூன்று மாதங்களில் நேரலையில் எத்தனை நாள் பார்த்தாய் என்று எண்ணிப்பார். கட்டிய தொகையை அதனால் வகுத்துப்பார். மற்றவற்றுக்கு யூடியூபில் கட்டணமின்றிக் கிடைக்கும் பழைய போட்டிகளே போதும்.

இன்னொன்று. சந்தா முடிந்ததும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் பிடிக்கும் ஏற்பாடு உண்டு. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2021 அக்டோபர் முதல், அவ்வாறு பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பாகவே அறிவிப்பு வரவேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படியாமல் தள்ளிவிடாதே. வேண்டாததை நிறுத்த அதுவே தருணம்.

நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் சனி இரவு நடக்கும் பெரும்போட்டி நமக்கு ஞாயிறு காலையில் வருகிறது. வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலத்துக்கோ தம் பங்குக் கோயிலுக்கோ குடும்பங்கள் திருப்பலிக்குப் புறப்படும் வேளை அது. அதற்காகச் சண்டையிட வேண்டா. நேரலை முடிந்தபின் மறு ஒளிபரப்பு உண்டா என்று கேட்டே சந்தாவைத் தேர்ந்தெடுக்கலாம். முடிவை அறியாதிருக்க மதியம் வரை கைப்பேசியைத் தொடாதிருந்தால் போதும்.

அந்தத் தாய்க்கு நம் விடை இதுதான்: நியாயம் இருவர் பக்கமும் உண்டு. மகன் ஒரு சந்தாவை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். தந்தை ஒரு ஞாயிறு பிற்பகல் அவனருகே அமர்ந்து ஒரு போட்டியைப் பார்க்கட்டும். புரியாததை அவனிடமே கேட்கட்டும். தோற்பவன் கையால் தட்டி ஒப்புக்கொள்வதையும், வென்றவன் அவனைத் தூக்கி நிறுத்துவதையும் அங்கே காணலாம். பேச்சு நின்றுபோன வீட்டில் முதலில் தட்டுபவர் யாராயிருப்பினும், அவர் தோற்றவர் அல்லர்.