பெரிய குடும்பமும் மின்மகிழுந்தும்

ஹேடோவில் தாத்தா, பாட்டி, பெற்றோர், சித்தப்பா, சித்தி, பிள்ளைகள் என எட்டுப் பேர் கூடி வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பழைய பெட்ரோல் வண்டியை விற்றுவிட்டு மின்மகிழுந்து வாங்கலாமா என்னும் பேச்சு எழுந்தவுடன், "பாதி வழியில் மின்கலம் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது?" என்றே பெரியவர்கள் கேட்பார்கள். இத்தீவில் நாம் மிகக் குறைவாக அஞ்ச வேண்டியது அதுவே என்பது என் கருத்து.

ஹேடோவிலிருந்து வண்டூர்க் கடற்கரைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். சிடியா தாப்புவும் அத்தகைய தொலைவே. 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த கியா கேரன்ஸ் கிளாவிஸ் என்னும் ஏழு இருக்கை மின்மகிழுந்தின் சிறிய மின்கலம் 42 யூனிட் மின்சாரம் கொள்ளும். ஒருமுறை மின்னேற்றினால் 404 கிலோமீட்டர் ஓடும் என்பது சோதனைக் கணக்கு. ஆள்கள் நிறைந்து, குளிர்சாதனமும் இயங்க, நம் மேட்டுத் தெருக்களில் ஏறும்போது அவ்வளவு கிடைக்காது. பாதியே கிடைத்தாலும் வண்டூருக்கு மூன்று முறை போய் வரலாமே! மேடேறச் செலவான மின்சாரத்தில் ஒரு பகுதி, இறக்கத்தில் மின்கலத்திற்குத் திரும்பும். பெட்ரோல் வண்டிக்கு அந்தப் பேறு இல்லை. வடக்கே திக்லிப்பூர் வரை செல்வோர் மட்டும், இடையில் மின்னேற்ற வசதி உண்டா என முன்பே கேட்டறிய வேண்டும்.

உண்மையான இடர் இருக்கையில் உள்ளது. விலை குறைந்த மின்மகிழுந்துகள் பெரும்பாலும் ஐந்து இருக்கைக்கு மேல் கொண்டவையல்ல. ஏழு இருக்கை வண்டியிலும் மூன்றாம் வரிசை சிறுவர்க்கே ஏற்றது. முழங்கால் வலியுள்ள பாட்டி அங்கே குனிந்து ஏற இயலாது. சென்னையிலிருந்து கப்பலில் வரும் உறவினரை ஹேடோ துறைமுகத்தில் அழைக்கச் செல்லும் நாளில், அந்த வரிசையை மடக்கினால்தான் அவர்தம் பெட்டிகளுக்கு இடம் கிடைக்கும். மின்சாரத்தில் ஓடுகிறது என்பதற்காக எட்டுப் பேரை ஐந்து இருக்கையில் நெருக்குவது அறிவுடைமையன்று.

இன்னொரு வினாவும் உண்டு. இந்தியப் பெருநிலப்பகுதியின் மின்தொகுப்போடு நம் தீவுக்கு இணைப்பில்லை. இங்கு மின்சாரம் பெரும்பாலும் டீசலை எரித்தே பெறப்படுகிறது. அப்படியாயின் புகை இடம் மாறியதன்றி வேறென்ன பயன்? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசலிலிருந்து ஏறத்தாழ மூன்றரை யூனிட் மின்சாரம் கிடைக்கும். பெரிய மின்மகிழுந்து 100 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 16 யூனிட் வேண்டும். வழியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் டீசல் ஆறு லிட்டரை நெருங்கும். அதே அளவுள்ள பெட்ரோல் வண்டி நகரத்தில் ஏழு, எட்டு லிட்டர் குடிக்கும். நன்மை உண்டு, பெருமை பேசும் அளவுக்கு இல்லை.

அந்நன்மையைப் பெருக்க ஒரு வழி உள்ளது. தமிழ்நாட்டு நெய்வேலியில் தோன்றிய என்.எல்.சி. நிறுவனம், அட்டம்பஹாடு, டாலிகஞ்சு ஆகிய இடங்களில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை 2020இல் நிறைவு செய்தது. ஆகவே இரவில் மின்னேற்றுவதைவிட நண்பகலில் ஏற்றுவது மேல். அலுவலகத்திற்கு நாள்தோறும் வண்டியை எடுத்துச் செல்லும் வீட்டில் இது கடினம். விடுமுறை நாளிலோ, வண்டி பகலில் வீட்டிலேயே நிற்கும் குடும்பத்திலோ எளிது. நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மூன்று, நான்கு யூனிட் போதும். வீட்டுச் செருகுவாயிலேயே இரண்டு மணி நேரத்திற்குள் அது ஏறிவிடும்.

ஆனால் அந்தச் செருகுவாய் வண்டியின் அருகில் இருக்க வேண்டும். முற்றமும் சொந்த மின்மானியும் உள்ள குடும்பம் ஏழு இருக்கை மின்மகிழுந்தைத் தயங்காமல் வாங்கலாம்; எட்டாமவர் பேருந்தில் வரட்டும். மேடான தெருவில், மாடியில் வாடகைக்குக் குடியிருந்து, வண்டியைக் கீழே சாலையோரம் நிறுத்துவோர், மாடியிலிருந்து கம்பியைத் தொங்கவிட்டு மழையில் மின்னேற்ற முடியாது. அவர்கள் வீட்டு உரிமையாளரிடம் முதலில் பேசட்டும். அவர் இசையும்வரை பழைய வண்டியே ஓடட்டும்.