கதையில இருந்து பேரு வெக்கலாமுங்க

எங்க பல்லடம் பக்கம் முன்னயெல்லாம் பேரனுக்கு அப்பாரு பேரு, பேத்திக்கு ஆத்தா பேரு. இல்லீன்னா குலசாமி பேரு. இப்ப வெக்கற பேரு, குழந்தையத் தூக்கி வளக்கற ஆத்தா வாயிலயே நுழையறதில்ல. எங்க பேத்திக்குப் பையன் செல்போன்ல தேடி ஒரு பேரு சொன்னான். வீட்டுக்காரி நாலு தடவை சொல்லிப் பாத்தும் வரலீங்க.

அதுக்குக் கதைப் பேரே மேல். கல்கி 1950இல் எழுதத் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்'ல குந்தவை நெசமா வாழ்ந்தவங்க. பூங்குழலி அவரோட கற்பனை. கோடிக்கரையில தனியா படகு ஓட்டற தைரியமான புள்ள. அந்தப் பேரை இன்னிக்கும் வெக்கறாங்க. கூப்பிட வருது, அர்த்தம் புரியுது, பேத்திக்குச் சொல்ல ஒரு கதையும் இருக்குது.

ஒண்ணு மட்டும்: கதை முடிஞ்சப்புறம் வையுங்க. அமெரிக்காவுல 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர் ஓடிட்டு இருக்கறப்பவே பொண்ணுகளுக்குக் கலீசின்னு வெச்சாங்க. 2019இல் தொடர் முடியறப்ப அந்தக் கலீசி ஒரு நகரத்தையே எரிச்சுப்போட்டா. கத்திரியில விதைக்கு விடறதுன்னாலே காய்ப்பைப் பாத்துட்டுத்தானுங்க விடறோம்.