வயித்தைக் குறைக்கும் முன்...

மக்களே, முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திடறேன். எடை குறைப்பு ஆபரேஷன்னு சொன்னதும் பாதிப் பேரு கொழுப்பை ஊசி வச்சு உறிஞ்சி எடுக்கறதைத்தான் நினைச்சுக்கறாங்க. அது லைப்போசக்‌ஷன், அழகுக்காகச் செய்யறது. நான் பேசப்போறது பேரியாட்ரிக் சர்ஜரி. இதுல கொழுப்புல கை வைக்கறதே இல்ல. 'ஸ்லீவ்' முறையில இரைப்பையில முக்கால் பாகத்துக்கும் மேல வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தை வாழைப்பழ சைஸுக்கு ஒரு குழாய் மாதிரி விட்டுடுவாங்க. பைபாஸ்னு இன்னொரு முறை. அதுல சின்னதா ஒரு பையை மட்டும் ஒதுக்கி, சிறுகுடலோட முன்பகுதியைத் தாண்டி நேரா கீழ இணைச்சிடுவாங்க. ஸ்லீவ்ல வெட்டினதைத் திரும்ப ஒட்ட முடியாது. அண்டூ பட்டன் கிடையாது.

எனக்கு ஏன் இந்த அக்கறை? வயசு 28, உயரம் 172 செ.மீ., எடை 124 கிலோ. பி.எம்.ஐ. கணக்குப் போட்டா 42-க்குக் கொஞ்சம் கம்மி. சுகர் வந்தாச்சு. ராத்திரி தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு ரூம்மேட் பயந்துபோய்ச் சொன்னான். ஆபரேஷன் பத்தி யோசிங்கன்னு டாக்டர் சொல்லி நாலு மாசம் ஆகுது.

இது காதுல விழுந்ததும் ஊருல ரெண்டு கட்சி ஆயிடுச்சு. பெரியப்பா கட்சி: "களியும் கொள்ளும் தின்னுட்டு தினம் ஒகேனக்கல் ரோட்டுல நடடா, இதுக்குப் போயி யாராவது வயித்தைக் கிழிச்சுக்குவானா?" ஆபீஸ் கட்சி: "வெள்ளிக்கிழமை அட்மிட், திங்கக்கிழமை டிஸ்சார்ஜ், ஆறு மாசத்துல ஹீரோ மச்சி!" பெரியப்பாவுக்கு நடக்கறதோட அருமை தெரியும், ஆனா பி.எம்.ஐ. 40 தாண்டினவன் வெறும் நடையில குறைச்சு, குறைச்சதை அப்படியே வச்சிருக்கறது எவ்வளவு அபூர்வம்னு தெரியாது. ஆபீஸ் கட்சிக்கு அந்த மூணு நாளு மட்டும்தான் தெரியும். என் கட்சி மூணாவது. ஆபரேஷன் பண்ணிக்கறதுல தப்பில்ல, ஆனா தேதி வாங்கறதுக்கு முன்னாடி மூணு மாசமாவது ஆபரேஷன் முடிஞ்சவன் மாதிரியே வாழ்ந்து பாக்கணும். பாத்துட்டு முடியலைன்னா தள்ளிப் போடலாம், வேண்டாம்னு கூட விட்டுடலாம்.

பயமுறுத்தறதுக்காகச் சொல்லல. 2024 ஏப்ரல்ல புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயசு இளைஞர் ஒருத்தர், எடை 150 கிலோவுக்கு மேல, சென்னை பம்மல்ல ஒரு தனியார் மருத்துவமனைக்கு இதே ஆபரேஷனுக்குப் போய் உயிரை விட்டார். சுகாதாரத்துறை விசாரிச்சு அந்த மருத்துவமனையோட அனுமதியைத் தற்காலிகமா நிறுத்தி வச்சது. அங்க யார் மேல தப்புன்னு தீர்ப்பு சொல்ல நான் யாரு. ஆனா என்னை விட ரெண்டு வயசு சின்னவர். அந்த செய்தியை அம்மாவுக்கு யாரோ வாட்ஸப்புல அனுப்பி, வீட்டுல ரெண்டு நாள் அடுப்பு எரியல. 2014-ல மத்திய அமைச்சரா இருந்த அருண் ஜெட்லி இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டப்ப அவருக்கே பிறகு சிக்கல் வந்து எய்ம்ஸுக்கு மாத்தினாங்க. 2011-ல பண்ணிக்கிட்ட நிதின் கட்கரி இன்னிக்கு வரைக்கும் ஓடியாடிட்டு இருக்கார். ரெண்டும் உண்மை. தேர்ந்த கைகள்ல இதுல சாவு ரொம்ப அபூர்வம்தான். அதனாலதான் எந்தக் கை, எவ்வளவு தயார்ங்கறது முக்கியமாகுது. ஐ.சி.யூ. இருக்கா, குண்டானவங்களுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகின டாக்டர் இருக்காரா, வருஷத்துக்கு எத்தனை பண்றீங்கன்னு கூச்சப்படாம கேளுங்க. பரிசோதனை எதுவும் பண்ணாம "அடுத்த வாரமே வாங்க, ஆஃபர் இருக்கு"ன்னு சொன்னா செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிடுங்க.

உடம்பைத் தயார் பண்றது நான் நினைச்சதை விட சுவாரசியமா இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் கிட்டத்தட்ட 800-லிருந்து 1200 கலோரிக்குள்ள, மாவுச்சத்து கம்மியா சாப்பிடச் சொல்வாங்க. எடை குறைஞ்சு நல்ல பேரு வாங்கறதுக்காக இல்ல. எங்களை மாதிரி ஆளுங்களுக்குக் கல்லீரல்ல கொழுப்பு சேந்து உப்பியிருக்கும். அதோட இடப்பக்கம் இரைப்பை மேல போர்வை மாதிரி மூடிட்டு இருக்கும். லேப்ராஸ்கோப் உள்ள போறப்ப அதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுதான் வேலை செய்யணும். ரெண்டு வாரம் பட்டினி மாதிரி இருந்தா அது சுருங்கி வழிவிடும். அந்த ரெண்டு வாரத்துல ஒளிஞ்சு பிரியாணி சாப்பிட்டா ஏமாறப்போறது டாக்டர் இல்ல.

சிகரெட் பிடிக்கறவங்க பல வாரம் முன்னாடியே நிறுத்தணும், இல்லைன்னா தைச்ச இடம் ஆறறது கஷ்டம். தூக்கத்துல மூச்சு நிக்கறவங்க ராத்திரி டெஸ்ட் எடுத்து, தேவைப்பட்டா சீபேப் மெஷின் போட்டுப் பழகிட்டுதான் மயக்க மருந்துக்குப் போகணும். மூணு பந்து இருக்கற அந்த பிளாஸ்டிக் கருவியில மூச்சை இழுத்துப் பழகறது, எண்டோஸ்கோப்பி, பி12, டி, இரும்புச்சத்து எல்லாம் பாத்துக் குறை இருந்தா முன்னாடியே சரி பண்றதுன்னு லிஸ்ட் போகுது.

மனசுதான் பெரிய பாடு. அதுலயும் எங்க ஊர்க்காரனுக்கு!

பென்னாகரத்துப் பக்கம் ராகிக் களியை யாரும் மெல்ல மாட்டோம். உருண்டையைக் குழம்புல தோச்சு அப்படியே உள்ள தள்ளணும், மென்னா பாட்டி முதுகுல போடுவாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் இது நடக்காது. முதல் ரெண்டு வாரம் தண்ணி ஆகாரம், அப்புறம் மசிச்சது, கெட்டிச் சாப்பாட்டுக்கு வர்றதுக்கு ஒன்றரை மாசம் ஆயிடும். அதுக்கப்புறமும் வாய்க்கு ஒரு ஸ்பூன்தான், கூழாகற வரைக்கும் மெல்லணும். சாப்பாட்டோட தண்ணி குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் கழிச்சுதான். புரதம் தினம் 60-லிருந்து 80 கிராம் வேணும். ராகியில 100 கிராமுக்கு ஏழு கிராம் கிட்டதான் இருக்கு, அதனால நம்ம களி அந்தக் குட்டி வயித்துல இடத்தை அடைக்கும், வேலைக்கு ஆகாது. முட்டை, மீன், பருப்புக்குத்தான் முதல் பந்தி. வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும்.

இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தை ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துட்டு மாத்த முடியுமா? அதான் இப்பவே ஆரம்பிச்சிருக்கேன். களியை மெல்றது மாதிரி ஒரு கொடுமை இல்லைங்க.

மனநல மருத்துவரைப் பாக்கச் சொன்னதும் அம்மா "ஏன்டா, உனக்கென்ன பைத்தியமா?"ன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க. அங்க கேட்ட கேள்வி எல்லாம் சாதாரணமானதுதான். எப்பப் பசிக்குது, கோபம் வந்தா சாப்பிடறீங்களா, தண்ணி அடிப்பீங்களா, வீட்டுல யார் சமைக்கறாங்க. கடுப்பான ஒரு ரிலீஸுக்கு அப்புறம் ராத்திரி பதினொரு மணிக்கு பரோட்டா சாப்பிட்டு ஆறுதல் அடையறவனுக்கு, நாளைக்கு அந்தக் கதவு மூடிடும். ஆறுதல் வேற எங்கேயாவது தேடும். பைபாஸுக்கு அப்புறம் சரக்கு வேகமா ஏறும், குடிக்கு அடிமையாகற ஆபத்து கூடுதுன்னு ஆய்வுகளும் சொல்லுது. இதை முன்னாடியே பேசி வைக்கறதுல என்ன கேவலம்?

கல்யாணத்துக்கு முன்னாடி ரகசியமா முடிச்சுடலாம்னு ஒரு யோசனை எல்லா வீட்டுலயும் வரும், எங்க வீட்டுலயும் வந்துச்சு. நான் ஒத்துக்கல. மறுவீட்டு விருந்துல மூணு ஸ்பூனுக்கு மேல இறங்காம உக்காந்திருக்கறவனை மாமியார் என்னன்னு நினைப்பாங்க? பொண்ணுங்களுக்கு இது இன்னும் சிக்கல். ஆபரேஷனுக்கு அப்புறம் 12-லிருந்து 18 மாசம் கர்ப்பம் தரிக்க வேண்டாம்னு சொல்வாங்க. மறைச்சுக் கட்டிக் கொடுத்துட்டு, மூணாவது மாசமே "விசேஷம் உண்டா"ன்னு கேக்கற ஊருல அந்தப் பொண்ணு என்ன பதில் சொல்லும்?

ஊர்ப்பக்கம் இருக்கறவங்களுக்குத் தூரமும் ஒரு பிரச்சனை. ஆபரேஷன் பெங்களூர்லயோ சென்னையிலயோ நடக்கும். ராத்திரி ரெண்டு மணிக்குக் காய்ச்சல், படபடப்பு, வயித்து வலி வந்தா தையல்ல கசிவான்னு உடனே பாக்கணும். பென்னாகரத்துலருந்து தர்மபுரி மெடிக்கல் காலேஜ் போகவே முப்பது கிலோமீட்டர் கிட்ட. முதல் மூணு வாரம் ஆபரேஷன் பண்ண ஊர்லயே தங்கறதுன்னு முடிவு பண்ணியிருக்கேன்.

காசு விஷயம் சுருக்கமா. பி.எம்.ஐ. 40-க்கு மேல, இல்லைன்னா 35-க்கு மேல இருந்து கட்டுக்கடங்காத சுகர் மாதிரி கடுமையான வியாதியும் இருந்தா, மத்த வழிகள் பலிக்காதப்ப இன்சூரன்ஸ் இதை ஒதுக்கித் தள்ள முடியாதபடி ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல விதி வரையறுத்திருக்கு. காத்திருப்புக் காலத்தைப் பாலிசியில பாருங்க. 2025-ல மௌஞ்சாரோ, வீகோவி ஊசிகளும் இந்தியாவுக்கு வந்தாச்சு, அதையும் டாக்டர்கிட்ட கேட்டேன். எனக்கு முதல்ல அதை ஆறு மாசம் போட்டுப் பாக்கலாமான்னு அடுத்த முறை பேசறதா இருக்கு.

தேதி இன்னும் குறிக்கல. சீபேப் வாடகைக்கு எடுத்தவங்க யாராவது இருந்தா, எந்த மாஸ்க் மூக்கை அழுத்தாம இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா.

டிஸ்கி: நான் பொட்டி தட்டறவன், டாக்டர் இல்ல. மாத்திரை, ஊசி, கத்தி எதுவா இருந்தாலும் உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு :-)