நிமிர்ந்த நுண்ணோக்கியும் நம் ஒப்பந்தப்புள்ளிகளும்

தமிழில் ஒரே கருவிக்கு உருப்பெருக்கி, நுண்ணோக்கி என இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. இலங்கைப் பாடநூல்கள் நுணுக்குக்காட்டி என்கின்றன. இங்கே திருவனந்தபுரத்தில் அது சூக்ஷ்மதர்சினி. 2024-இல் அப்பெயரில் ஒரு திரைப்படம் வந்தபின் ஆய்வகத்துப் பக்கமே போகாதவர்களுக்கும் அச்சொல் பழகிவிட்டது. இந்நான்கில் 'உருப்பெருக்கி' மட்டும் கருவியின் பணியைத் தவறாகச் சொல்கிறது. மொழியியல் படித்த எனக்குச் சொல்லாராய்ச்சியில் ஆர்வம் இருப்பது இயல்பே. ஆனால் இது சொல்லோடு முடிகிற சிக்கலாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதமாட்டேன். ஆய்வகக் கருவிகளுக்கான ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளைப் படித்துப் பாருங்கள். முதல் வரியில் நிற்பது பெருக்கம்: ஆயிரம் மடங்கு, ஆயிரத்து அறுநூறு மடங்கு, இரண்டாயிரம் மடங்கு. அடுத்து கேமராவின் மெகாபிக்சல். வில்லையைப் பற்றியும் ஒளியைப் பற்றியும் கேட்கவேண்டியவை, கேட்கப்பட்டிருந்தால், பட்டியலின் கடைசியில் இருக்கும்.

எண்களையே பேசவிடுவோம். அருகருகே உள்ள இரு புள்ளிகளை இரண்டாகக் காட்டும் ஆற்றல் பிரிதிறன். அதைத் தீர்மானிப்பவை ஒளியின் அலைநீளமும் பொருளருகு வில்லையின் நியூமெரிக்கல் அப்பர்ச்சரும். 1873-இல் எர்ன்ஸ்ட் அபே இவ்வரம்பை விளக்கிவிட்டார். 550 நானோமீட்டர் பச்சை ஒளியில், அப்பர்ச்சர் 1.25 உள்ள 100 மடங்கு எண்ணெய் வில்லை ஏறத்தாழ 0.27 மைக்ரோமீட்டர் வரை பிரித்துக் காட்டும். அதற்குமேல் கண்ணருகு வில்லையை எவ்வளவு மாற்றினாலும் புதிதாக ஒன்றும் தெரியாது. பயனுள்ள பெருக்கம் அப்பர்ச்சரின் 500 முதல் 1000 மடங்கு வரை என்பது வழக்கமான கணக்கு. 1.25-க்கு அது 1250-ஐத் தாண்டாது. எனவே இரண்டாயிரம் மடங்கு என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி வெற்றுப் பெருக்கம். மங்கலான படம் பெரிதாகி மங்கலாகவே நிற்கும்.

நம் ஊரில் இதன் விலை என்ன என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. 2024 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நெய்யாற்றின்கரைப் பகுதியிலிருந்து அமீபிக் மூளைக்காய்ச்சலோடு சிலர் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் கண்டறியப்பட்டது. உலக அளவில் நெக்லேரியா ஃபவுலேரி தொற்றியவர்களில் 97 விழுக்காட்டிற்கும் மேலானோர் இறந்ததாகப் பதிவு. கேரளத்தில் பலர் பிழைத்தார்கள். (இங்கே தென்பட்டவற்றில் அகாந்தமீபா போன்ற வேறு இனங்களும் இருந்தன, ஆதலால் இரு விகிதங்களையும் அப்படியே ஒப்பிடுவது முறையன்று.) பிழைத்ததற்கு மில்டெஃபோசின் போன்ற மருந்துகள் ஒரு காரணம். ஆனால் ஐயம் எழுந்தவுடன் கண்டறிந்தால்தான் மருந்து உதவும். பி.சி.ஆர். முடிவு பின்னால் வரும். முதலில் வருவது ஒரு கண்ணாடிச் சில்லும் ஒரு நுண்ணோக்கியும்.

முறை எளியது. முதுகுத்தண்டிலிருந்து எடுத்த மூளைத் தண்டுவடத் திரவத்தை, குளிர்பெட்டியில் வைக்காமல், சாயமேற்றாமல், ஒரு துளி இட்டு மூடுவில்லையால் மூடி உடனே பார்க்கவேண்டும். அமீபா 10 முதல் 25 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். அதற்கு 400 மடங்கே தாராளம். தொல்லை அளவில் இல்லை: அமீபா கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவது, பக்கத்திலிருக்கும் வெள்ளையணுவும் அதே சாயலில் அதே அளவில் இருக்கும். வேறுபடுத்திக் காட்டுவது அதன் நகர்வு. குளிரில் அது அசைவற்றுப் போகும். சாயமேற்றினால் இறந்து, அணுக்கூட்டத்தில் இன்னொரு அணுவாகத் தோன்றும். இங்கே கைகொடுப்பது ஃபேஸ் கான்ட்ராஸ்ட். ஒளி ஊடுருவும் பொருளின் தடிமன் வேறுபாட்டை வெளிச்ச வேறுபாடாக மாற்றித் தருவது. அதைக் கண்டுபிடித்த ஃபிரிட்ஸ் செர்னிக்கேவுக்கு 1953-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வசதி இல்லாத இடத்தில் கண்டென்சரின் துளையைச் சுருக்கி ஓரளவு சமாளிக்கலாம். பிரிதிறன் குறையும், விளிம்புகள் தெரியும். சுருக்கத் தெரிந்த கை வேண்டும். பிறகு மறக்காமல் திறந்துவைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் அடுத்துப் பார்க்கும் சளிமாதிரியில் காசநோய்க் கிருமி கண்ணில் படாது. ஆக, இரண்டாயிரம் மடங்கும் உயர்ரகக் கேமராவும் வாங்கி, ஃபேஸ் கண்டென்சரைச் 'சிக்கனம்' என்று விட்டுவிடும் ஆய்வகம் எதை வாங்கியது?

காசநோயைத் தொட்டதால் இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் எல்.இ.டி. ஒளிர்வு நுண்ணோக்கியைப் பரிந்துரைத்தது. ஆரமின் சாயமேற்றிய கிருமிகள் இருட்டில் ஒளிரும் என்பதால் 20 அல்லது 40 மடங்கு வில்லையிலேயே தேடலாம். 100 மடங்கு வில்லையைவிட 20 மடங்கு வில்லையின் பார்வைப் பரப்பு 25 மடங்கு பெரியது. பெருக்கத்தைக் குறைத்ததால் தேடல் விரைவானது, கண்டறிதலும் கூடியது. 'உருப்பெருக்கி' என்ற சொல்லுக்குள் இந்த உண்மைக்கு இடமே இல்லை.

'நிமிர்ந்த' என்ற அடைமொழிக்கு வருகிறேன். வில்லை மேலே, பொருள் கீழே என்பதுதான் நுண்ணோக்கியின் பழைய வடிவம். 1850-இல் லாரன்ஸ் ஸ்மித் என்னும் அமெரிக்க வேதியியலாளர் அதைக் கவிழ்த்து, வில்லையைப் பொருளுக்கு அடியில் வைத்தார். கவிழ்ந்தது வந்த பிறகே மற்றது நிமிர்ந்தது. பிராய்லர் வந்தபின் நம் கோழி நாட்டுக்கோழி ஆனதுபோல. வளர்ப்புக் குடுவையின் அடியிலிருந்து உயிரணுக்களைப் பார்க்கக் கவிழ்ந்தது வேண்டும். அதன் வில்லைகள் தடித்த அடித்தளத்தின் ஊடே பார்க்கும்படி அமைந்தவை. சில்லில் மூடுவில்லைக்குக் கீழ் இருக்கும் திசு, இரத்தம், தண்டுவடத் திரவம் ஆகியவற்றிற்கு நிமிர்ந்ததே பொருத்தம். உயர் அப்பர்ச்சர் வில்லை பொருளை நெருங்கி வரமுடியும். விலை கூடியதாயிற்றே, பெருமையாக இருக்குமே என்று எல்லாவற்றிற்கும் கவிழ்ந்ததையே கேட்பதில் பொருளில்லை.

தொழிற்கூடத்தில் கணக்கு மாறும். உலோகத்தை ஒளி ஊடுருவாது. மேலிருந்து விழுந்து திரும்பும் ஒளி வேண்டும். நிமிர்ந்த உலோக நுண்ணோக்கியில் மெருகிட்ட முகம் மேடைக்கு இணையாக நிற்கவேண்டும் என்பதால் மாதிரியைப் பிளாஸ்டிசின் மேல் வைத்து அழுத்திச் சமன்செய்வார்கள். கனத்த, ஒழுங்கற்ற துண்டுகளுக்குக் கவிழ்ந்ததே வசதி. வில்லையின் உடலில் பொறித்த எண்ணையும் படிக்கவேண்டும். 0.17 என்றிருந்தால் அது 0.17 மில்லிமீட்டர் மூடுவில்லைக்காகத் திருத்தப்பட்டது. உலோகத்துக்கான வில்லையில் 0 என்றிருக்கும். உயிரியல் துறையின் 40 மடங்கு வில்லையைக் கழற்றி உலோகத்தின் மேல் வைத்துவிட்டு, படம் தெளிவில்லை என்று கருவியைக் குறைசொல்லக் கூடாது.

இரு ஒளிகளும் சேர்ந்து தேவைப்படும் இடம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். மணவாளக்குறிச்சியின் கனிமத் தொழில் அதிலிருந்து தொடங்கியது. அம்மணலின் துகள்களை நிமிர்ந்த முனைவாக்க நுண்ணோக்கியில் வைத்தால், குறுக்கிட்ட முனைவாக்கிகளுக்கிடையே சிர்கான் வண்ணங்காட்டும், கார்னெட் இருண்டே நிற்கும். இல்மனைட்டோ கீழிருந்து வரும் ஒளியில் வெறும் கறுப்பு. அதை ஆராய மேலொளி வேண்டும். ஒற்றை ஒளியமைப்புள்ள கருவியை வாங்கியவர், அம்மணலின் முக்கியக் கனிமத்தை நிழலாக மட்டுமே காண்பார்.

வாங்கிய பின் வருவது நம் மழைக்காலம். வில்லைகளில் பூஞ்சை படிந்தால் அது மேற்பூச்சையே அரித்துவிடும். துடைத்தாலும் தடம் போகாது. ஈரக்காற்றோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையால் இறுக மூடுவது பூஞ்சைக்குப் பந்தல் போடுவதற்கு ஒப்பு. உலர்பெட்டியும், நிறம் மாறியதும் சூடேற்றி மீண்டும் பயன்படுத்தும் சிலிக்கா ஜெல்லும் கருவியின் விலையில் சிறு துளி. ஒப்பந்தப்புள்ளியில் அவற்றையும் எழுதினால் என்ன?

பெருக்கத்தைக் கேட்பது சரிபார்க்க எளிது, பிரிதிறனைக் கேட்டால் தணிக்கையில் யார் விளக்குவது என்று நிர்வாகத் தரப்பில் சொல்வார்கள். நியாயமான கவலைதான், ஆனால் அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட விடை இருக்கிறது. ப்ளூரோசிக்மா அங்குலேட்டம் என்னும் டயட்டத்தின் ஓட்டில் ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர் இடைவெளியில் கோடுகள் உண்டு. அச்சில்லு ஒன்றை ஆய்வகம் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். கருவி வந்திறங்கும் நாளில், விற்பவரின் பொறியாளர் ஒளியை கோஹ்லர் முறைப்படி அமைத்து, 40 மடங்கு வில்லையில் அக்கோடுகளைத் தனித்தனியே காட்டட்டும். நாள்தோறும் அக்கருவியின் முன் அமரப்போகும் ஆய்வக நுட்புநர் பார்த்து, தெரிகிறது என்று கையொப்பமிட்ட பிறகு பணம் கொடுக்கலாம்.