கூடை இரண்டு, ஒன்று பெண்களுக்கு!

கூடைப்பந்து ஆட்டத்தில், வளையம் 10 அடி உயரத்தில் இருக்கிறது. ஆண்கள் ஆடினாலும் 10 அடிதான். பெண்கள் ஆடினாலும் 10 அடிதான்.

ஆட்ட நேரமும் ஒன்றே. 10 நிமிடம் வீதம் 4 பகுதிகள். ஒரு பக்கத்துக்கு 5 பேர். பெண்கள் ஆடும் பந்து மட்டும் கொஞ்சம் சிறியது.

ஆட்டத்தின் சட்டம் இருவரையும் சமமாக வைத்திருக்கிறது. ஆனால் மாலை 5 மணிக்கு மைதானம் யாருக்கு? இதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. கல்லூரியும் பெற்றோரும்தான் பதில் சொல்லவேண்டும்.

எடப்பாடியில் இருந்து...

சேலம் பெரியார் பல்கலைக்கழகம் 1997-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் அதில் சேர்ந்தவை. எடப்பாடி அரசு கலைக் கல்லூரியும் அவற்றில் ஒன்று.

பல்கலைக்கழக அணி எப்படி அமைகிறது? கல்லூரிகளுக்குள் போட்டி நடக்கும். நன்றாக ஆடுகிறவர்களைப் பொறுக்கி எடுப்பார்கள். ஆண்களுக்கு ஓர் அணி. பெண்களுக்கு ஓர் அணி. இந்த அணிகள் மற்றப் பல்கலைக்கழகங்களோடு மோதும்.

எடப்பாடியில் தறி ஓட்டுகிறவர் வீட்டுப் பெண்ணும் வெளிமாநிலம் வரை சென்று ஆடலாம். வழி திறந்தே இருக்கிறது. ஆனால் அதற்குப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு நேரம் வேண்டும்.

ஆண்கள் உள்ளே வரக்கூடாது!

இந்த ஆட்டம் அமெரிக்காவில் பிறந்தது. 1891-ம் ஆண்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பழக்கூடைகளை உயரத்தில் கட்டி, அவற்றில் பந்தைப் போடச் சொன்னார்.

மறு ஆண்டே, செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை, ஸ்மித் பெண்கள் கல்லூரியில் மாணவிகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். 1893-ல் மாணவிகளுக்குள் போட்டி நடந்தது. அதைப் பார்க்க ஆண்களை உள்ளே விடவில்லை!

அங்கேயும் அந்தக் காலத்தில் கூச்சம் இருந்தது, பயம் இருந்தது. அதற்காக ஆட்டத்தை நிறுத்தவில்லை. தக்க ஏற்பாடு செய்துகொண்டு ஆடினார்கள்.

ஒரு படம் செய்த வேலை

ஆனாலும் அங்கே பாரபட்சம் போகவில்லை. 2021-ம் ஆண்டில் பல்கலைக்கழகப் போட்டி நடந்தது. ஆண்களுக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடம். பெண்களுக்கு ஒரே ஓர் அடுக்கு எடைக்குண்டு. ஒரு மாணவி அதைப் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டினார். சில நாட்களில் பெண்களுக்கும் கருவிகள் வந்தன.

2024-ல் நடந்தது இன்னும் அதிசயம். பெண்களின் இறுதி ஆட்டத்தை டெலிவிஷனில் சுமார் 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆண்களின் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 1 கோடியே 48 லட்சம் பேர்தான்.

"பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

நம் ஊர்ப் பெண்

அவ்வளவு தூரம் போகவேண்டாம். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, இந்தியப் பெண்கள் அணியின் தலைவியாக இருந்தவர். குழந்தை பெற்ற பிறகும் மைதானத்துக்குத் திரும்பினார். 2017-ல் ஆசியக் கோப்பை 'பி' பிரிவில் இந்தியா வெற்றி பெற்றபோது அவரும் ஆடினார். தெற்கு ரெயில்வேயில் அவருக்கு வேலை. 2021-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

விளையாட்டு சோறு போடாது என்பது பழைய பேச்சு. தமிழக அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் உண்டு.

பயம் நியாயமானதே

"பொழுது சாய்ந்த பிறகு பெண் எப்படி வீடு வருவாள்?" என்று தாய் கேட்கிறாள். அந்தக் கேள்வியைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காசு பிரச்சினை தீர்ந்தது. நேரப் பிரச்சினை தீரவில்லை.

ஆகவே கல்லூரி ஒரு காரியம் செய்யலாம். மாலையில் முதல் ஒரு மணி நேரத்தை மாணவிகளுக்குக் கொடுக்கலாம். வெளிச்சம் இருக்கும்போதே அவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள்.

"எங்கள் நேரம் குறையுமே" என்று மாணவர்கள் வருத்தப்பட வேண்டாம். ஓர் ஆடுகளத்துக்கு இரண்டு கூடைகள் இருக்கின்றன. பயிற்சிக்குப் பாதிக் களம் போதும். ஒரு கூடையில் அண்ணன் போடட்டும். மறு கூடையில் தங்கை போடட்டும்.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். ஒரு நாள் மைதானத்துக்குப் போய், மகள் ஆடுவதைப் பார்க்கலாம். பயிற்சியாளர் யார், கூட ஆடும் பெண்கள் யார், எந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதன் பிறகு முடிவு செய்யட்டும்.

பாவு மட்டும் இருந்தால் துணி ஆகாது, ஊடையும் வேண்டும். எடப்பாடிக்காரர்களுக்கு இதை வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.